சீருடைக்குள் ஓர் அம்மம்மா

இரவுச் சமையல் முடிந்து, பாத்திரங்களும் கழுவி வைத்து, பிள்ளைகள் பாயில் சரிந்த பின் தொலைக்காட்சிக்கு முன்னால் அமரும் அந்த ஒரு மணித்தியாலம்தான் எங்களில் பலருக்கு அன்றைய நாளில் கிடைக்கும் ஓய்வு. அந்த நேரத்தில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் குடும்பக் கதைகள். மாமியார், மருமகள், சொத்து, சூழ்ச்சி என்று அவை ஆண்டுக்கணக்கில் நீண்டு செல்லும். துப்பறியும் தொடர் என்றால் பலர் முகம் சுளிப்பதுண்டு. துப்பாக்கியும் துரத்தலும் எமக்கு எதற்கு, பார்த்தது போதாதா என்ற சலிப்பு அது. அதில் நியாயமும் உண்டு.

ஆனாலும் கடந்த சில பத்தாண்டுகளில் மேலைநாட்டுத் துப்பறியும் தொடர்கள் ஒரு புதிய வழியில் நடந்து வந்துள்ளன. குற்றத்தைக் கண்டுபிடிப்பவரின் வீட்டுக் கதவையும் அவை திறந்து காட்டுகின்றன. குற்றவாளியைப் பிடித்துவிட்டு வீடு திரும்பும் அதிகாரி, அங்கே பேசாமல் இருக்கும் மகனையும், குடியிலிருந்து மீளப் போராடும் தங்கையையும், பதில் சொல்ல முடியாத கேள்வி கேட்கும் பேரனையும் சந்திக்கின்றார். அப்படியான தொடர்களைப் பற்றியும், முக்கியமாக ஒரு பெண் பொலிஸ் சார்ஜன்டின் குடும்பத்தைப் பற்றியும் இம்மாதம் பார்ப்போம்.

ஒரு முன்குறிப்பு. இக்கதையில் பாலியல் வன்முறையும் தற்கொலையும் வருகின்றன. மனம் பாரமாக உள்ள சகோதரிகள் இதைப் பிறகொரு நாள் படிக்கலாம். அல்லது அருகில் ஒருவரை வைத்துக்கொண்டு படிக்கலாம்.

தனித்து நின்ற துப்பறிவாளர்கள்

துப்பறியும் கதை என்றதும் எமக்கு நினைவில் வருபவர் ஷெர்லொக் ஹோம்ஸ். 1887 ஆம் ஆண்டு முதன்முதலாக அச்சில் தோன்றிய அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அகதா கிறிஸ்டி படைத்த ஹெர்குல் புவாரோவும் தனியாள்தான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற கொலம்போ என்ற துப்பறிவாளர் பேச்சுக்குப் பேச்சு தன் மனைவியைப் பற்றிச் சொல்வார். ஆனால் அந்தத் தொடரில் அவர் மனைவியின் முகத்தை நாம் ஒருநாளும் பார்ப்பதில்லை. குடும்பம் இருந்தால் கவனம் சிதறும், பாசம் அறிவை மறைக்கும் என்பதே பழைய கதாசிரியர்களின் எண்ணமாக இருந்தது போலும்.

பின்வந்தவர்கள் இதை மாற்றினார்கள். 2010 முதல் 2024 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'புளூ பிளட்ஸ்' என்ற தொடரில் ஒரு குடும்பம் முழுவதுமே சட்டத்துறையில் வேலை செய்கின்றது. தந்தை பிராங் றீகன் நியூயோர்க் நகரப் பொலிஸ் ஆணையாளர். அவருடைய தந்தையும் முன்னாள் ஆணையாளர். மூத்த மகன் துப்பறிவாளர், மகள் அரச வழக்கறிஞர், இளைய மகன் பொலிஸ் உத்தியோகத்தர். வாரம் முழுவதும் வேலைத்தலத்தில் மோதிக்கொள்ளும் இவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுவார்கள். சாப்பாட்டுக்கு இடையில் சண்டையும் வரும், சிரிப்பும் வரும்.

அந்த மேசையில் வெற்றிடங்களும் உண்டு. ஜோ என்ற மகன் கடமையின்போது கொல்லப்பட்டவன். பிராங் மனைவியை இழந்தவர். மூத்த மகனும் பின்னர் மனைவியை இழக்கின்றான். மகள் விவாகரத்துப் பெற்றுத் தனியாகப் பிள்ளை வளர்ப்பவள். இத்தனை இழப்புக்குப் பிறகும் அந்தக் குடும்பம் ஞாயிறு உணவை விட்டுவிடவில்லை.

2005 முதல் 2010 வரை ஒளிபரப்பான 'நம்பர்ஸ்' என்ற தொடர் வேறு விதமானது. டொன் என்ற அண்ணன் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கூட்டாட்சிப் புலனாய்வு அதிகாரி. சார்லி என்ற தம்பி கணிதப் பேராசிரியர். அண்ணனின் வழக்குகளைத் தம்பி கணக்குப் போட்டு அவிழ்க்கின்றான். இருவருக்கும் இடையில் பழைய காயம் ஒன்று உண்டு. தாய் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த கடைசி மாதங்களில், சார்லி படுக்கையருகே வராமல் வீட்டுக் கராஜில் அமர்ந்து தீர்க்கவே முடியாத ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தான். "அம்மா சாகக் கிடக்கும்போது உனக்குக் கணக்கா?" என்பது அண்ணனின் மனத்தாங்கல். தம்பியோ பயத்தில்தான் அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருந்தான். ஒரே வீட்டில் ஒரே சாவை ஒவ்வொருவரும் வேறு வேறு விதமாகத் தாங்குகின்றனர். அழாதவருக்குத் துக்கம் இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி எமது கதைக்கு வருவோம்.

கத்தரினின் வீடு

'ஹப்பி வலி' என்பது பிரித்தானியாவின் பிபிசி தொலைக்காட்சியில் 2014, 2016, 2023 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த தொடர். பாகத்துக்கு ஆறு அத்தியாயங்களாக மொத்தம் பதினெட்டு மட்டுமே. எழுதியவர் சலி வெயின்றைட் என்ற பெண்மணி. கதை நடக்கும் மேற்கு யோர்க்ஷயரின் கால்டர் பள்ளத்தாக்குப் பகுதியிலேயே வளர்ந்தவர் அவர். பெயரின் பொருள் 'மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு'. ஆனால் அது கேலிப் பெயர். போதைப்பொருள் மலிந்த அந்த ஊரை அங்குள்ள பொலிசாரே அப்படி அழைப்பார்களாம்.

நாயகி கத்தரின் காவுட். நாற்பத்தேழு வயது, பொலிஸ் சார்ஜன்ட். சேரா லங்காஷயர் என்ற நடிகை ஏற்ற பாத்திரம் இது. இதற்காக அவர் 2017 இலும் 2024 இலும் பிரித்தானியாவின் பஃப்டா சிறந்த நடிகை விருதைப் பெற்றார்.

முதல் காட்சியிலேயே ஒரு விளையாட்டுத் திடலில் இளைஞன் ஒருவன் தன்மீது பெற்றோல் ஊற்றிக்கொண்டு நிற்கின்றான். அவனை ஆற்றுப்படுத்தப் போகும் கத்தரின், தன்னை அறிமுகம் செய்வது போலத் தன் குடும்ப விபரத்தைச் சொல்கின்றாள். விவாகரத்தானவள். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் தங்கையோடு வாழ்கின்றாள். பிள்ளைகள் இருவர். ஒருத்தி உயிரோடு இல்லை, மற்றவன் தன்னோடு பேசுவதில்லை. ஒரு பேரன் இருக்கின்றான். இவ்வளவையும் அழாமல், கடைச் சாமான் பட்டியல் சொல்வது போலச் சொல்லி முடிக்கின்றாள். துன்பம் பழகிப்போன பெண்கள் பேசுவது அப்படித்தான்.

கத்தரினின் மகள் பெக்கி. ரொமி லீ றோய்ஸ் என்பவன் அவளைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தினான். அதனால் கருவுற்ற அவள், ஆண் குழந்தை ஒன்றைப் பெற்றெடுத்தாள். சில வாரங்களில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். இது நடந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் கதை தொடங்குகின்றது. அப்போது றோய்ஸ் சிறையிலிருந்து வெளியே வருகின்றான். அவன் சிறையில் இருந்தது போதைப்பொருள் குற்றத்துக்காக. பெக்கிக்குச் செய்ததற்கு வழக்கே இல்லை. சட்டத்தின் சீருடையை அணிந்த தாய்க்கே தன் மகளுக்கு நீதி பெற்றுக்கொடுக்க முடியவில்லை.

யாருடைய பிள்ளை?

பெக்கி விட்டுச் சென்ற குழந்தையின் பெயர் றயன். இந்தக் குழந்தையை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் கத்தரினின் குடும்பம் உடைந்தது. அவளுடைய கணவன் றிச்சார்ட்டால் அந்தக் குழந்தையை ஏற்க முடியவில்லை. பார்க்கும்போதெல்லாம் மகளுக்கு நடந்ததே அவனுக்கு நினைவில் வந்தது. மகன் டானியலும் ஒதுங்கிப் போனான். "இவன் மகளின் பிள்ளை" என்று சொல்லித் தூக்கியவள் கத்தரின் ஒருத்தி. அதற்கு அவள் கொடுத்த விலை அவளது திருமணம்.

இதைக் கதையாசிரியர் வெறும் தியாகக் கதையாக எழுதவில்லை. றயன் எட்டு வயதில் பாடசாலையில் முரட்டுத்தனம் காட்டுகின்றான். ஆசிரியர்கள் முறையிடுகின்றனர். வேறு வீட்டில் என்றால் "துடியாட்டப் பிள்ளை" என்று போயிருக்கும். கத்தரினுக்கோ ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதைக்கின்றது. இது அவனுடைய இரத்தமா? வளர வளர அவனைப் போலவே ஆகிவிடுவானா? இரண்டாம் பாகத்தின் முடிவில் குடும்பமாக மலைப் புல்வெளியில் நடந்து போகும்போதும் முன்னால் ஓடும் பேரனை அவள் அதே ஐயத்தோடு பார்த்து நிற்கின்றாள். நேசிப்பதும் பயப்படுவதும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய தொடர்கள் குறைவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிள்ளை கேட்டுப் பிறக்கவில்லை. அவனுடைய பிறப்பில் நடந்த குற்றம் அவனுடையது அல்ல. இது சொல்வதற்கு எளிது. ஆனால் நித்தமும் அந்த முகத்தைப் பார்த்துச் சோறு போடுபவளுக்கு, அது ஒவ்வொரு நாளும் புதிதாக எடுக்க வேண்டிய முடிவு. கத்தரின் பதினாறு ஆண்டுகள் அந்த முடிவை எடுத்தாள்.

பின்படியில் இரு சகோதரிகள்

தொடரில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு. வேலை முடிந்து வந்த கத்தரினும் தங்கை கிளெயரும் வீட்டின் பின்படியில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டு கதைப்பார்கள். அன்று பொலிசில் நடந்தது, றயன் பாடசாலையில் செய்தது எல்லாம் அங்கேதான் பேசப்படும். பொலிஸ் நிலையத்தில் உறுதியாக நிற்கும் கத்தரின், அந்தப் படியில்தான் தளர்கின்றாள்.

கிளெயர் ஒரு காலத்தில் ஹெரோயினுக்கும் குடிக்கும் அடிமையாக இருந்தவள். இப்போது மீண்டு, றயனை வளர்ப்பதில் பாதிப் பொறுப்பைச் சுமக்கின்றாள். பாடசாலைக்குக் கூட்டிப்போவதும், சாப்பாடு கொடுப்பதும் அவள்தான். அவள் இல்லாவிட்டால் கத்தரினால் இரவுக் கடமைக்குப் போக முடியாது. ஊரார் கண்ணில் "கெட்டுப்போனவள்" ஆகத் தெரிந்த பெண், ஒரு வீட்டின் தூணாக நிற்கின்றாள். இடையில் ஒருமுறை அவள் மீண்டும் குடித்து விழுகின்றாள். கத்தரின் கோபத்தில் கத்துகின்றாள். ஆனால் வீட்டை விட்டுத் துரத்தவில்லை.

மாமியார் மருமகள் உறவும் இந்தத் தொடரில் உண்டு. ஆனால் நாம் பார்த்துப் பழகிய விதத்தில் இல்லை. முதலாம் பாகத்தில் ஆன் என்ற இளம்பெண் பணத்துக்காகக் கடத்தப்படுகின்றாள். றோய்ஸ் அவளையும் சீரழிக்கின்றான். நிலவறையில் கட்டிப்போடப்பட்டிருந்த அவளைக் கண்டுபிடிப்பவள் கத்தரின். அங்கே றோய்ஸ் கத்தரினை அடித்துச் சாகும் நிலைக்குக் கொண்டுவர, அவளை வெளியே இழுத்து வந்து காப்பாற்றுபவள் ஆன். பின்னர் ஆன் பொலிஸ் சேவையில் இணைகின்றாள். வீட்டுக்குத் திரும்பி வந்த டானியலை மணந்து கத்தரினின் மருமகளும் ஆகின்றாள். ஒரே மனிதனால் பாதிக்கப்பட்ட இரு குடும்பத்துப் பெண்கள் ஒரே தொழிலில், ஒரே குடும்பத்தில் இணைகின்றனர்.

வேலைத்தலத்திலும் கத்தரின் பலருக்குத் தாய் போன்றவள். அவளுக்குக் கீழ் வேலை செய்த கேர்ஸ்டன் என்ற இளம் உத்தியோகத்தர் துணிவு போதாதவள். இன்னும் உறுதியாக நில் என்று கத்தரின் அவளைக் கண்டித்திருந்தாள். அதன்பின் கடமையில் ஒரு வாகனத்தை மறித்தபோது கேர்ஸ்டன் கொல்லப்படுகின்றாள். நான் கண்டித்திராவிட்டால் அவள் பேசாமல் போகவிட்டிருப்பாளோ என்ற குற்ற உணர்வு கத்தரினை வாட்டுகின்றது. மகளைக் காப்பாற்ற முடியாத தாய், மகள் போன்றவளையும் இழக்கின்றாள்.

மறைத்து வைத்த உண்மை

மூன்றாம் பாகத்தில் றயனுக்குப் பதினாறு வயது. கத்தரின் ஓய்வு பெறப் போகின்றாள். பழைய லான்ட் றோவர் ஒன்றை வாங்கி, இமயமலை வரை ஓட்டிப் போகக் கனவு காண்கின்றாள். அப்போது ஒரு செய்தி அவளுக்குத் தெரியவருகின்றது. சிறையில் இருக்கும் றோய்ஸை றயன் சென்று பார்த்து வருகின்றான். கூட்டிப் போவது வேறு யாரும் அல்ல, கிளெயரும் அவளுடைய துணைவன் நீலும்.

சிறை இருக்கும் ஷெபீல்ட் நகருக்குக் கத்தரின் பின்தொடர்ந்து போகின்றாள். அங்கே ஒரு தேநீர்க் கடையில் தங்கை இருப்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று காண்கின்றாள். அங்கிருந்தே அவளுக்குத் தொலைபேசி எடுக்கின்றாள். தான் வேறோர் இடத்தில் நிற்பதாகத் தங்கை சொல்லும் பொய்யைக் காதால் கேட்டுக்கொண்டு, கண்ணால் அவளைப் பார்க்கின்றாள். பின் உள்ளே போய் அவளுக்கு எதிரே அமர்கின்றாள். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. தொடரின் மிகக் கடினமான விசாரணை இதுதான். விசாரிக்கப்படுபவள் உடன்பிறந்தவள்.

கிளெயரிடமும் ஒரு நியாயம் இருந்தது. தகப்பனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் பிள்ளைக்கு வந்துவிட்டது. தடுத்தால் தனியாகப் போவான். யாராவது ஒருவர் கூடப் போவது நல்லதல்லவா என்பது அவள் வாதம். கத்தரினின் காயமும் உண்மையானது. மகளின் சாவுக்குக் காரணமானவனிடம், தன் முதுகுக்குப் பின்னால், தான் நம்பிய ஒரே ஆளே பிள்ளையைக் கொண்டுபோனாள். இருவரில் யார் சரி என்று கதையாசிரியர் தீர்ப்புச் சொல்லவில்லை. பின்படித் தேநீர் நின்று போகின்றது. அந்த வீட்டின் மௌனத்தை நாமும் உணர்கின்றோம்.

இந்தச் சிக்கலின் வேர் எங்கே இருக்கின்றது? தகப்பனைப் பற்றி அந்த வீட்டில் நிதானமாகப் பேச எவருக்கும் முடியவில்லை. பேசினால் கத்தரின் உடைந்து போவாள் என்று மற்றவர்கள் பயந்தார்கள். பேசினால் பிள்ளை உடைந்து போவான் என்று கத்தரின் பயந்தாள். பேசப்படாத அந்த இடத்துக்குள் றோய்ஸ் தன் வார்த்தைகளோடு நுழைந்தான்.

சமையலறை மேசையில்

இறுதி அத்தியாயம் 2023 பெப்ரவரி 5 ஆம் திகதி ஒளிபரப்பானது. தப்பியோடிய றோய்ஸ், காயங்களோடு கத்தரினின் வீட்டுக்குள் நுழைகின்றான். அவள் வரும்வரை அங்கே இருந்த குடும்பப் புகைப்படத் தொகுப்பைப் புரட்டுகின்றான். பிறந்தநாள், விளையாட்டு, விடுமுறை என்று றயனின் குழந்தைப் பருவம் முழுவதும் அதில் இருக்கின்றது. தன் மகனைத் திருடிக்கொண்டவள் என்று கத்தரின்மீது ஆத்திரத்தோடு வந்தவன், அந்தப் பிள்ளை நன்றாக வளர்க்கப்பட்டிருக்கின்றான் என்பதை அந்தப் படங்களில் காண்கின்றான்.

வந்து சேர்ந்த கத்தரின் மேசைக்கு எதிரே அமர்கின்றாள். அவளை மன்னிப்பதாக அவன் சொல்கின்றான். அவளுக்குச் சினம் பொங்குகின்றது. மன்னிக்க அவன் யார்? பெக்கிக்கு அவன் என்ன செய்தான் என்பதை அவன் முகத்துக்கு நேரே சொல்கின்றாள். நீதிமன்றத்தில் ஒருநாளும் பேசப்படாத வழக்கு, சமையலறை மேசையில் பேசப்படுகின்றது. முடிவில் அவன் தன்மேல் பெற்றோல் ஊற்றித் தீ வைத்துக்கொள்கின்றான். அந்தத் தீயையும் அவளே அணைக்கின்றாள். பின்னர் அவன் வைத்தியசாலையில் இறந்துபோகின்றான்.

றயன் என்ன ஆனான்? தகப்பனோடு வெளிநாடு ஓடிவிடும்படி வந்த அழைப்பை அவன் ஏற்கவில்லை. அம்மம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகின்றான். இரத்தம் வெல்லுமா, வளர்ப்பு வெல்லுமா என்று பதினாறு ஆண்டுகள் கத்தரின் சுமந்த பயத்துக்குப் பிள்ளையே பதில் சொல்கின்றான். கத்தரினும் கிளெயரும்கூடச் சமாதானம் ஆகின்றனர். நீ பின்னிய போர்வைகளில் ஒன்றிரண்டு கருகிவிட்டன என்று அக்கா விளையாட்டாகச் சொல்வதில் அந்தச் சண்டை முடிந்துபோகின்றது.

எமக்கு இதில் என்ன?

கத்தரின் ஒரு கற்பனைப் பாத்திரம். அவளுடைய ஊர் வேறு, சட்டம் வேறு, வசதிகளும் வேறு. இருந்தும் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மகளுக்காக அழும் அம்மம்மாக்களை நாம் அறிவோம். "அப்பா எங்கே?" என்ற கேள்விக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் பேச்சை மாற்றும் தாய்மாரையும் அறிவோம். அவர்கள் சிந்திப்பதற்குச் சில விடயங்கள் இக்கதையில் உண்டு.

பிள்ளையின் கேள்விக்கு அதன் வயதுக்கு ஏற்ற உண்மையைச் சொல்வது நல்லது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொய்யைச் சொன்னால் அதை ஒருநாள் வேறு யாரோ திருத்துவார்கள். அந்த யாரோ எமது பிள்ளையின் நன்மையை நினைப்பவராக இருக்கமாட்டார். பதில் தெரியாவிட்டால், தெரியாது என்பதும் ஓர் உண்மையான பதிலே.

பிள்ளை முரண்டு பிடிக்கும்போது "அப்பனைப் போலவே" என்ற சொல்லை நாவில் வரவிடாதிருப்போம். அது பிள்ளையின் மனதில் விதையாக விழும்.

எமது கோபத்துக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கத்தரின் இறுதிவரை றோய்ஸை மன்னிக்கவில்லை. மன்னித்தால்தான் நல்ல பெண் என்று கதையாசிரியர் அவளை வற்புறுத்தவும் இல்லை. கோபம் இருந்தும் அது பிள்ளைமேல் விழாமல் பார்த்துக்கொண்டாள். அதுவே பெரிது.

கடைசியாக, எமக்கும் ஒரு பின்படி வேண்டும். சகோதரி, அயலவள், சங்கத்துத் தோழி, உளவளத்துணையாளர் என்று யாராவது ஒருவரிடம் மனம் விட்டுக் கதைக்க ஓர் இடம். கத்தரினைப் பதினாறு ஆண்டுகள் தாங்கியது சீருடை அல்ல. ஒரு கோப்பைத் தேநீரும், அருகில் இருந்து கேட்ட ஒரு தங்கையும்தான்.

இன்றிரவு தொலைக்காட்சியை அணைத்த பின், அருகில் இருப்பவளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், சகோதரிகளே. "இண்டைக்கு எப்படி இருந்தது உனக்கு?" அவள் சொல்லத் தொடங்கினால், தேநீருக்குத் தண்ணீர் வையுங்கள்.